"நியாய விலைக் காபி" என்றால் விலை குறைந்த காபியா?

போன கல்வியாண்டு தொடங்கிய இரண்டாவது வாரம், எங்கள் கடலோர வளாகத்துக் கேன்டீன் சுவரில் முதுகலை மாணவர்கள் ஒரு தாளை ஒட்டினார்கள். "நியாய விலைக் காபி வேண்டும்" என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. கேன்டீன் நடத்துகிறவரை நாங்கள் காக்கா என்போம். தொண்டிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைக்கும் சொல், வளாகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை நிதானமாகப் படித்தார். பசை டப்பாவோடு நின்ற பெண்ணிடம், "பன்னிரண்டு ரூபாய்க்குத்தானேம்மா தர்றேன், இதுக்கும் கீழே எப்படிம்மா இறங்குறது?" என்று கேட்டார்.

அவளுக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் வரவில்லை. காக்கா கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது. நம் ஊரில் நியாய விலைக் கடை என்றால் ரேஷன் கடை. வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் அரிசியும் சீனியும் கிடைக்கும் இடம். மாணவர்கள் கேட்டதோ எதிர்த்திசை: விளைவிக்கிறவருக்குக் கட்டுப்படியாகும் விலை. உலகம் இதை ஃபேர் டிரேட் என்கிறது. தமிழில் 'நியாய வணிகம்' என்று சொல்வது பொருந்தும். அன்று சாயங்காலமே தாளை மாற்றி எழுதினோம்.

குழப்பம் அதோடு தீரவில்லை. அடுத்த மாதங்களில் "அது ஏழை விவசாயிக்கு நன்கொடை" என்றார் ஒருவர். "உரம் போடாத காபி" என்றார் இன்னொருவர். "பெரிய ஊர்க்காரர்கள் மனத்திருப்திக்குக் குடிப்பது" என்று மூன்றாமவர். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு பேசினோம். நான் பனையேறிக் குடும்பத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி. காபித் தோட்டத்தையே இருபது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். ஆனால் படிக்கப் படிக்க, இது எங்கள் கடற்கரையும் பனங்காடும் நன்றாக அறிந்த கதைதான் என்று புரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விலையை யார் சொல்கிறார்கள்?

விடியற்காலையில் தொண்டிக் கரையிலோ பாம்பனிலோ ஒருமுறை நின்று பாருங்கள். நாட்டுப்படகு கரை தொட்டதும் கூடைகள் இறங்கும். நண்டு ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம், சூடை தனியாக. ஏலம் விடுபவர் குரலெடுத்ததும் வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். இரவெல்லாம் வலை இழுத்தவர் சற்றுத் தள்ளி, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். அவர் பிடித்த மீனுக்கு அவர் ஒரு விலையும் சொல்வதில்லை. சொல்லப்படுவதைக் கேட்டுக்கொள்கிறார். பிடிக்கவில்லையென்றால் நாளை விற்கலாம் என்று எடுத்துப்போகவும் முடியாது. வெயில் ஏறினால் மீன் தாங்காது.

காபியும் இப்படித்தான். செடியில் சிவந்த பழத்தைப் பறித்தபின், தோல் நீக்கிக் கழுவும் முறையில் அதை அன்றன்றே இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். வைத்திருந்தால் புளித்துப்போகும். ஆறு கிலோ பழம் பறித்தால், தோலும் சதையும் ஓடும் போக ஒரு கிலோவை ஒட்டித்தான் பச்சைக் கொட்டை தேறும். தாண்டிக்குடி மலையிலோ ஏற்காட்டிலோ இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் கழுவும் இயந்திரமும் இருக்காது, உலர்களமும் இருக்காது. பழம் வாங்க வரும் வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. இந்தியாவில் காபி பயிரிடுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் சிறு விவசாயிகள். காபி வாரியக் கணக்கில் 10 ஹெக்டேருக்கு உட்பட்ட நிலம் உள்ளவர்கள்.

அந்த வண்டிக்காரருக்கு விலை சொல்வது யார்? இங்கேதான் மீனிலிருந்து காபி விலகுகிறது. சூடையின் விலை பெரும்பாலும் கரையிலேயே முடிகிறது. காபியின் விலை நியூயார்க்கிலும் லண்டனிலும் நடக்கும் பண்டச் சந்தைகளில் முடிகிறது. பண்டச் சந்தை என்பது, பின்னால் வரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசிக் கைமாற்றும் இடம். அராபிகா வகைக்கு நியூயார்க், ரொபஸ்டா வகைக்கு லண்டன். 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்தது, நியூயார்க்கில் விலை ஏறியது. பிரேசிலில் அமோக விளைச்சல் என்றால் இறங்கும். பண்ணைக்காட்டில் மழை சரியாகப் பெய்ததா, கூலி ஏறியதா என்பதெல்லாம் அந்தப் பலகையில் தெரியாது.

ஒரு காலத்தில் இதற்குத் தடுப்பு இருந்தது. விளைவிக்கும் நாடுகளும் குடிக்கும் நாடுகளும் 1962-ல் உலகக் காபி உடன்படிக்கை செய்துகொண்டன. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வைத்து, விலை அதலபாதாளத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு உடைந்தது. இந்தியாவிலும், விவசாயிகளின் காபியைக் காபி வாரியமே மொத்தமாக வாங்கி விற்கும் முறை 1990களின் நடுவில் முடிந்தது. பிறகு வந்த வீழ்ச்சியில், 2001-ல் நியூயார்க் விலை ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போனது. பறிக்கும் கூலிக்குக்கூடக் காணாத விலை அது. காபியோடு மிளகும் விழுந்ததால் வயநாட்டில் கடனில் மூழ்கி உயிரை விட்ட விவசாயிகள் உண்டு. நம் தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் அது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: சரக்கு கெடும் தன்மையுடையது, விவசாயி சிறியவர், விலை எங்கோ முடிவாகிறது, விழும்போது தாங்க ஒன்றும் இல்லை. நியாய வணிகம் கைவைக்கும் இடம் இதுதான்.

தரை விலை

கிணற்றுக்குள் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார். ஏறும்போது கயிறு தளர்ந்து கிடக்கும், இருப்பதே தெரியாது. கால் வழுக்கினால்தான் இறுகும். நியாய வணிகத்தின் முதல் விதி அந்தக் கயிறு. அதற்குத் தரை விலை என்று பெயர் வைத்துக்கொள்வோம்: சந்தை எவ்வளவு விழுந்தாலும், இதற்குக் கீழே வாங்குவதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விலை.

பல முத்திரைகள் இருந்தாலும், நீலமும் பச்சையும் கலந்த ஃபேர்டிரேட் முத்திரைதான் பரவலாகத் தெரிந்தது. முதல் முத்திரை 1988-ல் நெதர்லாந்தில் வந்தது, மெக்சிகோ நாட்டு மலை விவசாயிகளின் காபிக்கு. பிற நாட்டு முத்திரைகளும் பெருகி, 1997-ல் எல்லாம் ஒரு கூட்டமைப்பாகின. அந்தக் கூட்டமைப்பின் கணக்கில், கழுவிய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து தரை விலை ஒரு பவுண்டுக்கு 1 டாலர் 80 சென்ட். ரொபஸ்டாவுக்கு 1 டாலர் 20 சென்ட். ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்தால், அராபிகா கிலோவுக்குச் சுமார் 337 ரூபாய். சந்தை விலை அதைவிட உயர்ந்தால் சந்தை விலையைத்தான் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அப்போது கயிறு தளர்ந்து கிடந்தது. "விலைதான் ஏறிவிட்டதே, இனி எதற்கு இது?" என்று கேட்டவர்களிடம் நான் 2001-ஐச் சொல்கிறேன்.

இரண்டாவது விதி மேல்தொகை. விலைக்கு மேலே, பவுண்டுக்கு 20 சென்ட் தனியாகத் தர வேண்டும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இது உண்டு. இந்தப் பணம் தனி விவசாயியின் பைக்குப் போகாது, சங்கத்தின் பொதுக் கணக்குக்குப் போகும். களம் போடுவதா, கழுவும் இயந்திரம் வாங்குவதா, பிள்ளைகளுக்குப் பள்ளி வேனா, இல்லை பங்கு பிரித்துக்கொள்வதா என்று உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரத்துக்கும் விளைச்சலுக்கும் ஒதுக்கியாக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

இங்கே மிகப் பெரிய தவறான புரிதல் ஒன்று இருக்கிறது. நாங்கள் மாற்றி எழுதிய தாளிலேயே அதைச் செய்திருந்தோம். "விவசாயி கையில் 337 ரூபாய்" என்று எழுதியிருந்தோம். அது தவறு. தரை விலை என்பது சரக்கு கப்பலேறும் இடத்து விலை, சங்கத்துக்குக் கிடைப்பது. அதிலிருந்து பதப்படுத்தும் செலவு, லாரி வாடகை, சங்கத்தின் அலுவலகச் செலவு, முத்திரைக்கான தணிக்கைக் கட்டணம் எல்லாம் கழியும். மிச்சம்தான் விவசாயிக்கு. நன்றாக நடக்கும் சங்கத்தில் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். மோசமாக நடக்கும் சங்கத்தில் முத்திரை இருந்தும் கை காய்ந்தே இருக்கும். இன்னொன்று: முத்திரை பெற்ற சங்கத்தின் காபி முழுவதும் இந்த நிபந்தனையில் விற்றுப்போவதில்லை. அந்த நிபந்தனைக்கு ஒப்பி வாங்க ஆள் இருந்தால்தான் விற்கும்; மீதி சாதாரணச் சந்தைக்கே போகும். மாணவர் இயக்கத்துக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்; பின்னால் வருகிறேன்.

முன்பணம்

என் ஊர் சாயல்குடிப் பக்கம். பாளை சீவும் காலம் தை, மாசியில் தொடங்கி ஆனி வரை ஓடும். அதற்கு முந்தைய மழை மாதங்களில் பனையேறி வீட்டில் கையில் காசு இருக்காது. ஐப்பசியில் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். சீசன் வந்ததும் கருப்பட்டியை அவரிடமே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. எங்கள் அப்பத்தா பதநீரைக் கொப்பரையில் கிண்டி, பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றி வரிசையாக ஆற வைப்பார். எத்தனை சிரட்டை என்று அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போடுவார். ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. ஆனி முடியும்போது சுவர் கறுத்திருக்கும், முன்பணக் கணக்கில் மட்டும் இன்னும் பாக்கி இருக்கும். வெளிச்சந்தை விலை என்னவென்று அப்பத்தாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடுத்த ஐப்பசியும் வருமே.

கடலிலும் இதே கதைதான். படகுக்கும் வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரியிடம் வாங்கிய பணம் நிற்கும் வரை மீன் அவருக்குத்தான் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கடன் இன்னும் கனக்கும்.

நம் கடற்கரைக்கும் காபிக்கும் இதிலேயே ஒரு பழைய உறவு உண்டு. காபிச் செடி ஒன்றுகூட வளராத இந்த மண்ணிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் இலங்கையின் காபித் தோட்டங்களுக்குப் போனார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரைச் சீமை ஊர்களில் கங்காணி வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். பாம்பன், தொண்டி போன்ற துறைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடை. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869-ல் அங்கே காபி இலைகளில் துரு நோய் தோன்றி, சில பத்தாண்டுகளில் காபித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. கடன் மட்டும் அழியவில்லை. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டிவிட்டு இவரை அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அந்தச் சீட்டுதான் வழி. 1921-ல் அதைச் சட்டப்படி நிறுத்தினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாமைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆக, முன்பணம் கெட்டதா? இல்லை. முன்பணம் இல்லாமல் எந்தச் சிறு உற்பத்தியாளரும் பிழைக்க முடியாது. யார் கொடுக்கிறார்கள், கொடுக்கும்போது விலை பேசியாயிற்றா, கொடுத்தவரிடமே விற்றாக வேண்டுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபேர்டிரேட் நிபந்தனையில், சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை வாங்குகிறவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவும் முன்பணம்தான். ஆனால் ஒப்பந்தம் தனி ஆளோடு இல்லை, சங்கத்தோடு. தரை விலை அதற்கு முன்பே தெரியும். தரை விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் மட்டில், மூன்று விதிகளில் இந்த முன்பணம்தான் உயிரானது.

சுருக்கமாக: தரை விலை விழாமல் பிடிக்கிறது, மேல்தொகை பொதுவில் சேர்கிறது, முன்பணம் கந்துவட்டியிலிருந்து விடுவிக்கிறது. மூன்றும் ஒரு சங்கம் இருந்தால் மட்டுமே நடக்கும்.

சங்கம் எதற்கு?

பால் சங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே ஒரு மாடு வைத்திருக்கும் அக்காவும் காலையில் தூக்குச்சட்டியோடு போய் ஊற்றுகிறார். கொழுப்பு அளந்து, அறிவித்த விலைப்பட்டியலின்படி கணக்கு எழுதுகிறார்கள். ஒரு லிட்டர் பாலோடு ஒரு நிறுவனத்திடம் அவர் தனியாகப் போய்ப் பேரம் பேச முடியுமா? மீனிலும் உண்டு. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் கரையோரச் சங்கங்கள் ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கி, 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகத் திரண்டன. முதல் விற்பனை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் விலை என்பதை அவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

ஃபேர்டிரேட் முத்திரை காபியைப் பொறுத்தவரை சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. இதில் ஒரு குறை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். குடகிலோ வால்பாறையிலோ பெரிய தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கும் பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டில் நேரடி இடம் இல்லை. தேயிலையில் கூலித் தொழிலாளர்களுக்கென்று தனி விதிகள் உண்டு, காபியில் இல்லை. முத்திரை இருந்தால் எல்லோருக்கும் எல்லாமும் கிடைத்துவிட்டது என்று நாங்கள் பேசினால் அது பொய்யாகிவிடும்.

வேறு முத்திரைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

இயற்கை வேளாண்மை முத்திரை, எப்படி விளைந்தது என்பதைச் சொல்கிறது. புவிசார் குறியீடு, எங்கே விளைந்தது என்பதைச் சொல்கிறது. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்ததும், அரக்குப் பள்ளத்தாக்குக் காபிக்கு 2019-ல் கிடைத்ததும் அதுதான். முண்டு மிளகாய்க்குக் குறியீடு வந்த பிறகும் கமிஷன் மண்டியில் அன்றைய விலைதான் விலை. நியாய வணிக முத்திரை, எந்த நிபந்தனையில் வாங்கினார்கள் என்பதைச் சொல்கிறது. ருசியைப் பற்றி மூன்றுமே வாக்குறுதி தருவதில்லை.

ஒரு குவளைக்கு எவ்வளவு கூடும்?

காக்காவின் கேள்விக்கு இங்கே வருகிறேன். அவர் பயன்படுத்தும் தூள்ப் பொட்டலத்தை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் ஆவி பறக்கும் டம்ளர். பின்பக்கம் பொடி எழுத்தில் "காபி 60%, சிக்கரி 40%". சிக்கரி என்பது வறுத்து அரைத்த ஒரு கிழங்கு; சட்டப்படி கலவைத் தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, கலந்த அளவைப் பொட்டலத்தில் எழுத வேண்டும்.

ஒரு குவளைக்கு 10 கிராம் தூள் என்று வைப்போம். அதில் காபி 6 கிராம். வறுக்கும்போது எடை குறைவதால், அந்த 6 கிராமுக்குப் பச்சைக் கொட்டை 7 கிராம் சொச்சம் வேண்டும். மேல்தொகை பவுண்டுக்கு 20 சென்ட் என்றால் கிலோவுக்குச் சுமார் 37 ரூபாய். ஏழு கிராமுக்கு? சுமார் 27 பைசா.

நான் இதைக் கணக்கிட்டது கேன்டீன் மேசையில், சீனி டப்பாவுக்குப் பக்கத்தில். மூன்று முறை சரிபார்த்தேன், நம்ப முடியவில்லை. தணிக்கைக் கட்டணம், தனியாகக் கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்தாலும் குவளைக்கு ஒன்றிரண்டு ரூபாயில் அடங்கும் என்பது என் மதிப்பீடு. கடைகளில் முத்திரைக் காபி அநியாய விலைக்கு விற்றால், அந்தக் கூடுதலில் பெரும்பகுதி விவசாயிக்குப் போகவில்லை என்றுதான் பொருள்.

அதே கணக்கைப் பெருக்கியும் பார்க்கலாம். நாளைக்கு 400 குவளை, வருடத்துக்கு 200 நாள் என்றால் அரை டன்னுக்குச் சற்று மேல் பச்சைக் கொட்டை. மேல்தொகை 20,000 ரூபாய்க்கு மேல் வரும். ஒரு மலைக் கிராமத்துச் சங்கத்துக்கு அது உலர்களத்துக்கான சிமெண்ட். ஒரு குவளையில் கண்ணுக்கே தெரியாத பணம், ஒரு வளாகம் சேர்ந்து வாங்கும்போது தெரியும் பணமாகிறது.

மாணவர்கள் செய்தது என்ன?

கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்குகிற தனி ஆளைவிட, ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் வாங்கும் பல்கலைக்கழகம் பெரிய வாடிக்கையாளர். மாணவர்கள் இதை உணர்ந்த இடங்களில் இயக்கம் வளர்ந்தது. இங்கிலாந்தில் கார்ஸ்டாங் என்ற சிற்றூர் 2000-ல் தன்னை நியாய வணிக ஊராக அறிவித்துக்கொண்டது. 2003-ல் அந்நாட்டின் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகம் உலகின் முதல் ஃபேர்டிரேட் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டது. வளாகக் கடைகளிலும் கூட்டங்களிலும் இந்த நிபந்தனையில் வாங்கிய பொருள்களைத் தருவது என்ற கொள்கையோடு. அதே 2003-ல் அமெரிக்காவில் பல கல்லூரிக் குழுக்கள் சேர்ந்து நியாய வணிகத்துக்கான ஒன்றுபட்ட மாணவர் அமைப்பை உருவாக்கின.

அந்த அமைப்பு பின்னால் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2011-ல் அமெரிக்க முத்திரை அமைப்பு, உலகக் கூட்டமைப்பிலிருந்து பிரிவதாகவும் பெரிய காபித் தோட்டங்களுக்கும் முத்திரை தரப்போவதாகவும் அறிவித்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கும் பலன் போகட்டும் என்பது அவர்கள் வாதம். பெரிய தோட்டத்தோடு சிறு விவசாயியின் சங்கம் போட்டி போட முடியாமல் போகும் என்பது மாணவர்களின் வாதம். அவர்கள் அந்த அமைப்புக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். மேலே நான் சொன்ன அதே பழம் பறிக்கும் பெண்தான் இந்தச் சண்டையின் நடுவில் நிற்கிறாள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முத்திரையை வழிபடாமல் அதன் விதியைப் படித்துப் பேசிய மாணவர்களை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டில் இன்னொரு வகை உதாரணம் உண்டு. காபி வாரியம் நடத்திய காபி ஹவுஸ்களை 1950களின் நடுவில் மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். 1957-ல் முதலில் பெங்களூரில். இன்றும் அந்தத் தலைப்பாகை ஊழியர்களின் கையில் நாம் காபி வாங்கிக் குடிக்கிறோம். அது விவசாயியின் சங்கம் இல்லை, பரிமாறுகிறவரின் சங்கம். ஆனாலும் காபியோடு வரும் காசு எங்கே தங்குகிறது என்ற கேள்வி அதே கேள்வி.

எங்கள் வளாகத்தில் நடந்தது இவ்வளவு பெரிதில்லை. தாள் ஒட்டினோம், கையெழுத்து வாங்கினோம், ஒரு நாள் காபி குடிக்காமல் இருந்தோம். அந்த ஒரு நாளில் நட்டப்பட்டது காக்கா மட்டும்தான். அவர் வாங்கி வைத்த பால் வீணானது. மறுநாள் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "எனக்கு டெண்டர்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தானே தம்பி வாங்க முடியும்?" என்று அவர் சொன்னபிறகுதான் டெண்டர் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தோம். பதினோரு பக்கம். குடிநீருக்கு நிபந்தனை, எண்ணெய்க்கு நிபந்தனை, டம்ளர் அளவுக்கு நிபந்தனை. காபிக்கு ஒரே வரி: "தரமான காபித்தூள்". விலை உச்சவரம்பு பன்னிரண்டு ரூபாய். அந்த வரிக்குள் நின்று காக்காவால் எதுவும் செய்ய முடியாது. நாங்கள் ஒட்ட வேண்டிய சுவர் கேன்டீன் சுவரே இல்லை.

எங்கே கேட்பது, என்ன கேட்பது?

இந்தியக் காபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுமதியாகிறது. முத்திரைத் தூள் நம் பக்கத்து மளிகைக் கடையில் தேடினால் கிடைக்காது. அதனால் முத்திரை மட்டுமே வழி என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, விவசாயிகள் சங்கம் ஒன்றிடம் நேராக வாங்குவதும் சரிதான் என்று முடிவு செய்தோம். அவர்களிடமும் நடுவில் இருப்பவரிடமும் கேட்க வேண்டியவை மூன்று. அறுவடைக்கு முன்பே ஒரு தரை விலை எழுத்தில் இருக்கிறதா? முன்பணம் யார் தருகிறார்கள், என்ன வட்டிக்கு? மிச்சப் பணத்தை என்ன செய்வதென்று யார் கூடி முடிவெடுக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பொட்டலத்தில் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நியாய வணிகம். பதில் மழுப்பலாக இருந்தால், முத்திரையையே அச்சடித்திருந்தாலும் இன்னொரு முறை கேளுங்கள்.

அடுத்த டெண்டர் மே மாதம். பதிவாளர் அலுவலகத்துக்குக் கொடுக்க ஒரு பக்க வரைவு எழுதியிருக்கிறோம். காபித்தூள் சிறு விவசாயிகள் சங்கத்திடமிருந்து வாங்கப்பட வேண்டும், விலை ஒப்பந்தத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், குவளை விலையை இரண்டு ரூபாய் ஏற்றிக்கொள்ளக் காக்காவுக்கு அனுமதி வேண்டும். இந்த மூன்றாவது வரியைச் சேர்க்கச் சொன்னவள், அன்றைக்குப் பசை டப்பாவோடு நின்ற பெண்.

நான்காவதாக ஒரு வரியை நான் சேர்த்தேன். கேன்டீனில் கருப்பட்டிக் காபி கேட்பவர்கள் அதிகம். அந்தக் கருப்பட்டி வருவது எங்கள் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து. மலையேறிப் போய் நியாயம் கேட்கிற கை, அதே டம்ளரில் கரைகிற இதை விட்டுவிடக் கூடாதே. "கருப்பட்டிக்கான தொகையில் பாதியை, பேசிய விலைக்கு, பனைத்தொழிலாளர் சங்கத்துக்கு ஐப்பசி மாதமே கொடுக்க வேண்டும்" என்று எழுதினேன். அலுவலகத் தாளில் ஐப்பசி என்று எழுதலாமா, அக்டோபர் என்று போட வேண்டாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஐப்பசி என்றே இருக்கட்டும் என்றேன்.